அரை டிக்கெட் சொன்ன ‘நாம’

பஸ் டிப்போவின் பின்பக்கம் ஒரு மைதானம் உண்டு. மைதானம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒரு பக்கம் பழைய டயர்க் குவியல், மறுபக்கம் டீசல் டேங்க், நடுவில் புல் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் மண். டிப்போ ஊழியர்களின் கால்பந்து அணி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆடும், பெரும்பாலும் தோற்கும். டயர் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒருவர் தன் ஒரே மகளை ஐந்து வயதிலிருந்து அங்கே கூட்டிப்போய் டயர்களின் மேல் உட்கார வைப்பார். கண்டக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். முழு டிக்கெட் வாங்கும் வயது வந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அப்பா வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அது பெரிய பேச்சு. மைதானத்துக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. எதிரணி கோல் கம்பத்துக்கும் சொந்தக் கோல் கம்பத்துக்கும் இடையே எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே ரெஃப்ரியைத் திட்டுவார். முப்பது வருடத்தில் டிப்போவுக்கு எதிராகக் கொடுத்த ஒரு விசில்கூட நியாயமான விசில் இல்லை என்பது அவர் கணக்கு. அரை டிக்கெட்டும் கூடவே கத்திப் பழகினாள். ‘நாம கோல் போட்டோம்’, ‘நாம ஏமாந்துட்டோம்’, ‘நம்மள ஏமாத்திட்டாங்க’. அவள் வாயில் முதலில் ஒழுங்காக நின்ற வாக்கியங்கள் இவைதாம் என்று அம்மா சத்தியம் செய்வாள்.

பள்ளிக்கூட நாட்களில் டிவியில் மேட்ச் வந்தால் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு இவளே வர்ணனை செய்வாள். டிவிக்காரர்களுக்கு ஆட்டம் தெரியவில்லையாம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

“மெதுவாச் சொல்லுடி. நீ போடுற கோல்ல எனக்குக் குக்கர் எத்தனை விசில் அடிச்சுதுன்னே தெரியல.”

கல்லூரியில் வணிகவியல் கிடைத்தது. அதைப் படிக்கப் போனதாகத்தான் வீட்டில் நம்பினார்கள். அவள் போனது அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு சின்ன ரேடியோ நிலையம் இருந்ததால். மாணவர்களே நடத்துவது. விடுதி, வகுப்பறைகள், சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருக்கள், காற்று நன்றாக இருந்தால் டிப்போ வரை கேட்கும். முதல் வருடம் அவளுக்குக் கொடுத்த வேலை அறிவிப்பு வாசிப்பது. ‘பழுப்பு நிறக் குடை ஒன்று நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.’ ஒரு வருடம் முழுக்கக் குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பைக்கூடக் கடைசி நிமிட கோல் மாதிரிதான் வாசித்தாள். அது பொறுப்பு மேடத்தின் காதில் விழுந்தது.

நிலையத்துக்குப் பொறுப்பான அந்த ஆசிரியை சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதேசமயம் அநியாயம் செய்தும் பார்த்ததில்லை. விளையாட்டு வர்ணனை செய்துகொண்டிருந்தவன் படிப்பை முடித்துப் போனதும் அவளைக் கூப்பிட்டு ஒரு மேட்ச் கொடுத்தார். பக்கத்தில் ஒலியைப் பார்த்துக்கொள்ள இறுதியாண்டு மாணவன் ஒருவன். நாள் முழுக்க மிக்சர் பொத்தான்களோடு வாழ்ந்ததால் அவனுக்குப் பெயரே பொத்தான். ஆட்டம் முடிந்ததும் அவன் ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் வரிசையாகக் கோடுகள்.

“என்னண்ணா இது?”

“நீ ‘நாம’ன்னு சொன்னது. பதினேழு. ‘நம்ம’ தனியா இருக்கு, அதைப் பின்பக்கம் போட்டிருக்கேன்.”

மேடம் அதை வாங்கிப் பார்த்தார். “நம்ம ரேடியோவைச் சுத்தியிருக்கிற தெருவுல எதிர் டீம்காரனும் இருக்கான். அவன் கேக்கும்போது ‘நாம’ன்னா யாரு? மைக்குக்கு முன்னாடி நீ ரசிகை இல்ல, கண்ணு. பாக்கிறதச் சொல்லு, அவ்வளவுதான்.”

அடுத்த மேட்சில் அரை டிக்கெட் பெரிய புத்திசாலித்தனம் செய்தாள். ‘நாம’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நாங்க’ போட்டாள். ‘நாங்க கார்னர் எடுக்கிறோம், நாங்க முன்னேறுறோம்’ என்று தொண்ணூறு நிமிடம். பொத்தான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏய், ‘நாம’ன்னா எதிர் டீம்காரன் மட்டும்தான் கோவிச்சுப்பான். ‘நாங்க’ன்னா கேக்கிற அத்தனை பேரையும் வாசல்ல நிக்க வெச்சுட்டு, நீ மட்டும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிற. நம்ம காலேஜ்காரனே கோவிச்சுட்டான். மூணு பேரு போன் பண்ணித் திட்டினாங்க.”

மேடம் பேச்சை வளர்க்கவில்லை. ஊர் அணிகள் எல்லாம் ஆடும் லீக்கில் கல்லூரி அணிக்குக் கால் இறுதி வரப்போகிறது, ஜெயித்தால் அரை இறுதி. இந்த இரண்டிலும் ஒரு ‘நாம’ வரக் கூடாது. வந்தால் மைக் வேறு ஆளுக்கு. இவள் மறுபடியும் குடைகளுக்கு.

அன்றிலிருந்து வீட்டிலும் பயிற்சிதான். ‘நாம எப்ப சாப்பிடலாம்’ என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, “இந்த வீட்டு அணி எத்தனை மணிக்குச் சாப்பிடும்?” என்று கேட்டாள்.

“வீட்டு அணி பாத்திரத்தைக் கழுவினப்புறம் சாப்பிடும்,” என்றாள் அம்மா.

கால் இறுதியில் கல்லூரி ஜெயித்தது, பொத்தானின் காகிதமும் வெள்ளையாகவே இருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் சரியாக ஒரு மணி நேரம் நீடித்தது. அதற்குள் இன்னொரு கால் இறுதியின் முடிவு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தோற்றுக்கொண்டே இருந்த டிப்போ அணி எப்படியோ ஜெயித்திருந்தது. அரை இறுதி, கல்லூரியும் டிப்போவும்.

அப்பா யார், எங்கே வேலை என்று அவள் நிலையத்தில் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இப்போது சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொய். இரண்டு நாள் யோசித்து, சொல்லாமலே இருந்துவிட்டாள். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அப்படியேதான் அரை இறுதி அன்று வர்ணனை அறைக்குப் படியேறினாள்.

வர்ணனை அறை என்பது கல்லூரி மைதானத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் அறைக்கு மேலே ஒரு பரண். சுவரெல்லாம் பழைய போர்வை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மைதானத்தின் நடுவே அல்லாமல் ஓரமாக, ஒரு பக்கக் கோல் கோட்டுக்கு நேர் எதிரே. அந்தக் கோல் கம்பத்தின் பின்னால் டிப்போ ஆட்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி நின்றார்கள். ஒரு பஸ்ஸின் ரேடியோவில் இவர்கள் நிலையத்தைத்தான் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், கம்பத்துக்கு மூன்றடி தள்ளி, அப்பா.

முதல் பாதியில் கோல் இல்லை. காகிதத்தில் கோடும் இல்லை. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. ஐம்பத்தெட்டாவது நிமிடம், டிப்போவின் இடது பக்க ஆட்டக்காரர், பட்டறையில் வெல்டர், தலையில் முடி போய்ப் பத்து வருடம் ஆனவர், பந்தை வாங்கி உள்ளே திரும்பினார். பதினான்கு வருடமாக அவர் இப்படித் திரும்புவதையும், திரும்பி வானத்தைப் பார்த்து அடிப்பதையும் அரை டிக்கெட் பார்த்திருக்கிறாள். இந்த முறை வானத்துக்குப் போகவில்லை.

“வெல்டர் உள்ள வரார், ரெண்டு பேரைத் தாண்டிட்டார், அடிக்கிறார்... கோல்! நாம போட்டுட்டோம்! நாம போட்டுட்டோம்!”

பொத்தான் பென்சிலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். கோடு போடத் தெரியும். இதை யார் கணக்கில் போடுவது என்று தெரியவில்லை. கல்லூரி ரேடியோவில், கல்லூரிக்கு எதிராக விழுந்த கோலுக்கு, கல்லூரி மாணவி ‘நாம’ என்று குதித்துவிட்டாள். விடுதிப் பக்கமிருந்து ஊளை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சட்டென்று அவள் மைக்கைக் குறைத்துக் கூட்டத்தின் சத்தத்தை ஏற்றினான். மரப்படியில் மேடம் ஏறி வரும் சத்தம் கேட்டது.

“அண்ணா, மைக்கைத் திறங்க.”

“வேண்டாம். மேடம் வராங்க.”

“வரட்டும். திறங்க.”

திறந்தான். கதவருகே மேடம் நிற்பது தெரிந்தே பேசினாள். “கேட்டுட்டு இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இப்ப ‘நாம’ன்னு சொன்னது நான்தான். டிப்போவைத்தான் சொன்னேன். எங்கப்பா அங்க டயர் மாத்துறார். நான் அந்த டயர் மேல உக்காந்து வளர்ந்தவ. ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், பயத்துல சொல்லல. இனிமே நான் சொல்றத, இவ யாருன்னு தெரிஞ்சே கேளுங்க. டிப்போ ஒண்ணு, கல்லூரி பூஜ்யம். பந்து நடுக்கோட்டுல இருக்கு.”

மேடம் பந்துகள் வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

அடுத்த அரைமணி நேரம் அவள் குரல் உப்புத்தாள் போல வறண்டிருந்தது. எண்பத்தாறாவது நிமிடத்தில் கல்லூரிக்கு ஒரு கார்னர். ஜன்னலுக்கு நேர் எதிரே. கல்லூரி ஆட்டக்காரன் எம்பித் தலையால் முட்டினான். பந்து கோலுக்குள் போகத்தான் போனது. கோட்டின் மேல் நின்ற டிப்போ தடுப்பாட்டக்காரரின் கை லேசாக நீண்டது. பந்து முழங்கைக்குக் கீழே பட்டு வெளியே தெறித்தது. ரெஃப்ரிக்கு முன்னால் ஆறு முதுகுகள். அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. கம்பத்துக்குப் பின்னால் அப்பா இரண்டு கையையும் வீசி, ‘படல! படல!’ என்று கத்துவது ஜன்னல் வரை கேட்டது.

‘பந்து தடுக்கப்பட்டது’ என்று சொல்லியிருக்கலாம். யார், எதனால் என்று எதுவும் சொல்லாமல் ஒதுங்கிப்போகிற நல்ல பிள்ளை வாக்கியம். பொய்யும் இல்லை. அது அவள் நாக்கில் தயாராக வந்து நின்றது.

“கை,” என்றாள். “டிப்போ வீரர் கையில பட்டுச்சு. நான் நேரா பாத்தேன். கல்லூரிக்குப் பெனால்டி கொடுத்திருக்கணும். ரெஃப்ரி பாக்கல. ஆட்டம் தொடருது.”

பஸ் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் பரணை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. ஸ்கோர் மாறவில்லை, டிப்போ ஒன்று, கல்லூரி பூஜ்யம்.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மேடம் எழுந்தார்.

“ஃபைனல்ல டிப்போ ஆடுது. அதுக்கு உனக்கு மைக் கிடையாது. ஒரு ‘நாம’ன்னா ஒண்ணுதான், சொன்னது சொன்னதுதான்.”

“சரி, மேடம்.”

“அடுத்த வாரம் ஹாக்கி ஆரம்பிக்குது. அதுலேருந்து சீசன் முடியிற வரைக்கும் நீதான். ஹாக்கியில உனக்கு அப்பா, சித்தப்பா யாராவது உண்டா?”

“இல்ல, மேடம்.”

“இருந்தா முன்னாடியே சொல்லு,” என்று இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. வழியில் டிப்போ பஸ் ஒன்று அவளைக் கடந்தது. எப்போதும் ஹார்ன் அடிக்கும் டிரைவர் அடிக்காமல் போனார். அதற்கே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிப்போ முதல் முறையாக ஃபைனலுக்குப் போயிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கே கேட்கும்படி ஓட்டை போட்டவள் அவள்.

அப்பா அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். அம்மா இருவரையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

“கோவமாப்பா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் எங்க நின்னேன்னு பாத்தியா?”

“பாத்தேன்.”

“மூணு அடி. உனக்கு ஜன்னல்லேருந்து தெரிஞ்சது, எனக்குத் தெரியாதா?” கரகரத்த குரலை ஒருமுறை செருமிச் சரிசெய்தார். “பட்டுச்சும்மா. பாத்துக்கிட்டேதான் படலன்னு கத்தினேன்.”

அவள் வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நாளைக்குக் காலையில செக்‌ஷன்ல எல்லாரும் கேப்பாங்க, உன் பொண்ணு ஏன் அப்படிச் சொன்னான்னு. பஸ்லயே ரெண்டு பேரு கேட்டாங்க, பதில் சொல்லாம வந்துட்டேன்.” அவர் டயர்க் கறை போகாத தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்குச் சொல்லிடறேன். கையில பட்டுச்சு, நானும் பாத்தேன்னு.”