ஆட்சேபணை உண்டா?

திருநகர் சபையில் அன்று போதகர் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார். மாப்பிள்ளை, என் மகள் கிரேஸ் நாலு வருடமாக நேசித்த ஜெபராஜ். பெண், அவன் வீட்டார் தங்கள் சாதியிலேயே தேடிப் பிடித்தவள்.

“ஆட்சேபணை உண்டா?” என்று போதகர் கேட்டார். பாடகர் குழுவில் நின்ற கிரேஸ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அடுத்த பாட்டைக் குரல் உடையாமல் பாடினாள்.

வாசலில் ஜெபராஜின் அம்மா அவள் கன்னத்தைத் தடவி, “நீ என் மக மாதிரிடா கண்ணு” என்றார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் கிரேஸ் சொன்னாள்: “மக மாதிரின்னு அம்புட்டுப் பேரும் சொல்றாகப்பா. மருமகளேன்னு கூப்பிடத்தான் ஆளில்ல. பெங்களூருல கெடச்ச வேலைக்கே போறேன்.”

“அங்கயும் சபை இருக்கும்மா.”

“இருக்கும். அங்கயும் நீங்க என்ன ஆளுகன்னுதான் கேப்பாக.”

வண்டியைக் கிளப்பினேன். இப்போதெல்லாம் ஓலை வாசிக்கையில் தலை குனிந்துகொள்கிறேன். ஜெபிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.