சோப்புப் போடாத மொழிப்பற்று

டானுடா போலந்திலிருந்து ஐஸ்லாந்துக்கு வந்து பதினொரு வருடம். முதல் ஆறு வருடம் மீன் ஆலையில் குடல் உருவிக்கொண்டே, ரேடியோவில் வரும் வானிலையையும் மரண அறிவிப்புகளையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி மொழியைப் பிடித்தாள். ஊரில் யார் செத்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். பிறகு ஊர் வெந்நீர்க் குளத்தில், பெண்கள் குளியலறையில் தற்காலிக வேலை. துணியெல்லாம் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் ஒருத்தியும் தண்ணீரில் இறங்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு.

ஸ்டெய்ன்வோர் அந்த ஊர் மொழிக் காப்புச் சங்கத் தலைவி. தினமும் காலையில் வருவாள். தலையை மட்டும் நனைத்துவிட்டு, நேற்றைய வியர்வைமேலேயே நீச்சலுடையை மாட்டிக்கொண்டு நழுவுவாள். கக்கத்து நாற்றம் கதவுவரை வீசும். "சோப்புப் போட்டுட்டுப் போங்க" என்று டானுடா ஐஸ்லாந்து மொழியிலேயே சொன்னால், "சரி சரி, நன்றி" என்று ஆங்கிலத்தில் பதில் வரும். முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு, "வெளிநாட்டுலருந்து வந்தவங்கள்ல எவளாவது நம்ம பேச்சைக் கத்துக்கிறாளா? கண்ணு முன்னாடியே சாகுதும்மா நம்ம மொழி" என்று ஒப்பாரி வைப்பாள். அவள் ஊறிய அழுக்கை டானுடா தேய்த்துக் கழுவ வேண்டும். சீ, என்ன பிழைப்பு.

வசந்தத்தில் மேற்பார்வையாளர் இடம் காலியானது. கிடைத்தால் வேலை நிரந்தரம். டானுடா அதற்காகவே காத்திருந்தாள். ஊர்க் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவில் ஸ்டெய்ன்வோரும் உண்டு.

குளத்து நிர்வாகி ஓட்னி அவளைக் கூப்பிட்டாள். "மொழி போதாதுன்னு தள்ளிட்டாங்க, டானுடா."

"யாரு சொன்னது?"

"ஸ்டெய்ன்வோர்தான். அஞ்சு வருஷமா தினம் பாக்குறேன், ஒரு நாள்கூட அவகூட நம்ம மொழியில பேச முடிஞ்சதில்லன்னு சொல்லிட்டா." சொல்லும்போதே ஓட்னிக்கு வாய் கூசியது.

டானுடாவுக்கு அழுகை வரவில்லை. பிரஷை எடுத்துக்கொண்டு வெந்நீர்த் தொட்டியைத் தேய்க்கப் போனாள்.

மறுநாள் ஸ்டெய்ன்வோர் வழக்கம்போல் காய்ந்த உடம்பில் நீச்சலுடையோடு குளத்துப் பக்கம் வந்தாள். டானுடா கதவை மறித்து நின்றாள்.

"கழட்டிட்டுத் தேய்ச்சுக் குளிங்க. கக்கம், இடுக்கு, காலு, எல்லாம்."

"மன்னிக்கணும், புரியல" என்றாள் ஸ்டெய்ன்வோர், ஆங்கிலத்தில்.

டானுடா மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்கு ஐஸ்லாந்து மொழி தெரியாதாம். யாராவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

தண்ணீர்ச் சத்தத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டெய்ன்வோரின் முகம் கழுத்துவரை சிவந்தது.

"என்ன திமிரு உனக்கு? யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" தாய்மொழி பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பத்தான் என்கூடப் பேசவே செய்றீங்க" என்றாள் டானுடா. "ஒரு வார்த்தையாவது எனக்குப் புரியாமப் போச்சா? அதையும் குழுவுல சொல்லுங்க. குளிச்சிட்டுப் போய்ச் சொல்லுங்க."