ஊதல் விதியை ஓட்டிப் பார்த்த நாள்

அப்போது நான் பினாங்கில், அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு ஆள் ஏற்றும் நீராவி லாஞ்சுக்காரர்களின் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஒரு மழை நாளில் இரண்டு லாஞ்சுகள் நடுக்கடலில் உரசிக்கொண்டன. எதிரெதிரே வந்தால் என்ன செய்வது என்று ஒரு விதி வேண்டும் என்றார்கள். பெரிய கிராணி ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார்: "எதிரே வரும் லாஞ்சின் ஊதல் கேட்டால் எஞ்சினை நிறுத்துக. பதிலுக்கு ஒருமுறை ஊதுக. அது கடந்து போகும்வரை நகரற்க." நான்தான் மூன்று பிரதி எடுத்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கப் போனார்கள். ஒரு எஞ்சின் டிரைவர் மட்டும் எழுந்தார்.

"பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு லா. சுக்கான் பிடிக்கிற ரெண்டு சாரங்கு இதை மட்டும் படிச்சிட்டு, ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காம லாஞ்சை ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் கை தூக்குறேன்."

பெரிய கிராணிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை சங்கத் தலைவர் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு லாஞ்சில் கிளம்பினார். பெரிய கிராணியும் டிரைவரும் நானும் இந்தப் பக்கமிருந்து கிளம்பினோம். வழக்கமான லாஞ்சு என்று நினைத்து, கோழிக்கூடையோடு ஒரு அம்மாளும் ஏறிவிட்டாள்.

நடுக்கடலில் எதிர் லாஞ்சு ஊதியது. எங்கள் சாரங்கு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதிலுக்கு ஊதினார். அது கேட்டதும் அவர்களும் நிறுத்திவிட்டு ஊதினார்கள். அதுவும் ஊதல்தானே? எங்கள் சாரங்கு மறுபடி ஊதினார். அவர்களும்.

"பார்த்தியா, எழுத்து பிசகாம நடக்குது!" என்று பெரிய கிராணி என் தோளைத் தட்டினார்.

யாரும் நகரவில்லை. நீரோட்டம் இரண்டு லாஞ்சையும் ஜோடியாகத் தெற்கே இழுத்தது. ஊதல் மட்டும் நிற்கவில்லை. வெயில் ஏறியது. கோழிகள் கத்தின. "ஒரு ஓரமா போயிடலாமே" என்றேன். "நகர்ந்தா பரீட்சை கெட்டுப்போகும்" என்று பெரிய கிராணி அதட்டினார். தெற்கே பத்து காவான் என்ற ஊரின் கரைத் தென்னைகள் கண்ணில் படும்போது, ஊதி ஊதியே இரண்டு கொதிகலனிலும் ஆவி தீர்ந்துபோயிருந்தது.

சாரங்குகள் கயிறு வீசி லாஞ்சுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். தலைவர் எங்கள் பக்கம் தாவி வந்து, அங்கேயே கூட்டத்தைத் தொடங்கினார்.

"ரெண்டு பேரும் விதிப்படி நடந்தாங்க. மோதல் இல்லை. அங்கீகரிக்கலாம்" என்றார் பெரிய கிராணி.

"மோதிக்கலைதான் அண்ணே. ஆனா போயும் சேரலையே!" என்றார் டிரைவர்.

கோழிக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கய்யா இத்தனை ஊதல்? ரெண்டு பேரும் அவங்கவங்க சாப்பிடுற கைப்பக்கம் ஒதுங்கிப் போங்களேன்! நான் கோழி விக்கிற பாசார் முடிஞ்சே போச்சு!"

தலைவர் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எழுதிக்கோ" என்றார்.

பெரிய கிராணி அதை "வலப்புறம்" என்று திருத்தினார். "எதிரெதிரே வர்றப்போ யாரோட வலது?" என்று ஒரு சாரங்கு கேட்டதும், "அவரவர் சாப்பிடும் கைப்பக்கம்" என்றே விட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் ஓட்டிப் பார்த்தோம். லாஞ்சுகள் பத்து முழம் தள்ளி விலகிப் போயின. டிரைவர் அங்கேயே இரண்டு கையையும் தூக்கினார். பெரிய கிராணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு தடவையாவது ஊதியிருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.