மஞ்சள் சட்டை போட்ட பொம்மை

பழி வாங்கத்தான் அந்தப் பொம்மையைச் செய்தேன். பிள்ளைகளைக் காப்பாற்றச் செய்தாள் என்று பசறைப் பக்கம் இன்றும் என்னைப் புகழ்கிறார்கள். புகழட்டும்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சலில் இழுப்பு வந்து கையும் காலும் வெட்டின. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கிறவரை நாங்கள் மருந்தையா என்போம். அவர் பிள்ளையை மேசையில் மல்லாக்கப் போட்டு, கையில் இரும்புச் சாவியைத் திணித்து, சங்கு நிறைய மருந்தை வாயில் ஊற்றினார். எங்கள் லயத்து வீடுகளிலும் இழுப்புக்கு அதைத்தான் செய்வார்கள். படித்தவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. பிள்ளைக்குப் புரையேறியது. முகம் நீலம் பாரித்தது.

"இழுப்புல போயிருச்சு. உன் தலையெழுத்து" என்றார், சங்கைக் கழுவிக்கொண்டே.

நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு தாய் இழுப்பு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டப் போனாள். நர்ஸம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். "ஊத்தாத! மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும்" என்று பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சற்று நேரத்தில் இழுப்பு நின்று அந்தப் பிள்ளை அழுதது. நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

சில வருடம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பினேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கற்றதைச் சுற்றுத் தோட்டங்களில் பிள்ளை பார்க்கும் ஆயாமாருக்கும் சொல்லிக்கொடு என்றார் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி. அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

மாவுச் சாக்கில் உடம்பு தைத்து, இரண்டு வயதுப் பிள்ளையின் கனத்துக்கு மணல் நிரப்பினேன். சுரைக்குடுக்கைதான் தலை. பப்பாளித் தண்டில் இரண்டு குழாய். ஒன்று வயிற்றுக்கு, மற்றது நெஞ்சுக்குள் வைத்த வெள்ளைத் துணிப் பைக்கு. ஒருக்களித்துப் போட்டால் ஊற்றியது வாய்வழியே வழிந்துவிடும். மல்லாத்தி ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கும். கடைசியாக, என் மகள் சாகும்போது போட்டிருந்த மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை, துரைசாணி, ஆயாமார் எல்லாரும் கூடியிருந்தார்கள். மருந்தையாவைப் பணிவாகக் கூப்பிட்டேன்.

"ஐயா, இழுப்பு வந்தா நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு இவங்களுக்குக் காட்டணுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொம்மையைத் தூக்கி, "சட்டை நல்லாருக்கே, யாரு தச்சது?" என்றார்.

"நாந்தாங்க."

மேசையில் மல்லாத்தினார். சாவியை வைத்தார். நான் சிவப்பாகக் கரைத்து வைத்திருந்த ஆரத்தித் தண்ணீரைச் சங்கில் மொண்டு ஊற்றினார். நான் சட்டையை அவிழ்த்து நெஞ்சுப் பையை வெளியே இழுத்தேன். சிவப்பாகச் சொட்டியது.

"இது மூச்சுப் போற எடங்க. எம் புள்ளைக்கும் இப்படித்தான் ஊத்துனீங்க."

"பொம்மைக்கு ஏது மூச்சு?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

துரை அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் எந்தத் தாயும் அதன் பிறகு அவரிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவமானம் தாங்காமல் கொஸ்லந்தப் பக்கம் வேறு தோட்டத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டு போனார். அங்கேயுள்ள ஆயாமாரையும் பழக்குகிறேன் என்று துரைசாணியிடம் நானே கேட்டுக்கொண்டு பின்னால் போனேன். முதலில் தப்பாகச் செய்யச் சொல்வேன், பை சிவந்த பிறகுதான் சரியானதைக் காட்டுவேன். அந்தத் தப்புக்கு 'மருந்தையா ஊத்து' என்று பெயர் வைத்தேன். ஹாலிஎல வரைக்கும் அந்தப் பெயர் போனது.

ஒருநாள் நான் பழக்கிக்கொண்டிருந்த பிள்ளைக் காம்பரா வாசலில் அவரே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா?"

"இந்தச் சட்டை யாரோடதுன்னு சொல்லுங்க. இன்னியோட நிறுத்திர்றேன்."

சட்டையின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. நான் சங்கை மறுபடியும் நிரப்பினேன்.