பெரியம்மாள் சமன் செய்த புல்லுக்கொல்லை

என் பெயர் சாந்தம்மாள். பெயருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்ட என்னையே மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்க வைத்தவள் ஒருத்தி உண்டு. அவள் என் ஓரகத்தி பெரியம்மாள். என் வீட்டுக்காரர் அர்ச்சுனனின் தம்பி சின்னதம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஜவ்வாது மலையில் எத்தனையோ பேர் காட்டைத் திருத்திக் கொல்லை ஆக்கியிருக்கிறார்கள். புல்லுக்காக நிலத்தைத் திருத்தினவள் அவள் ஒருத்திதான். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

எழுபத்தைந்தாம் வருஷம், புளி உலுக்க ஏறின சின்னதம்பி மரத்திலிருந்து விழுந்தார். டோலி கட்டி ஒடுகத்தூருக்கு இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. கால் இரண்டும் துவண்டது துவண்டதுதான். அதற்குப் பிறகு கையை ஊன்றி, குந்தினபடியே நகருவார். சாமை அறுப்பில் அவர் இறங்கினால் பக்கத்து ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவான். அந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் கொல்லையையும் சேர்த்து என் வீட்டுக்காரரே உழுதார். சாமையோ கேழ்வரகோ, விளைந்ததை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் இறக்குவார். தம்பி என்றால் அவருக்கு உயிர். ஆனால் அந்த மூட்டை இறங்கும் ஒவ்வொரு தடவையும் சின்னதம்பி இன்னும் கொஞ்சம் சுருங்கினார். களி கிண்டிப் போட்டால் ஒரு உருண்டைதான் தின்பார். இரண்டாவதை வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். "ஒழைக்காத வாய்க்கு ஒண்ணு போதும்" என்பார். பெரியம்மாள் அழவில்லை. அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவளும் அன்றைக்கு ஒரு உருண்டையோடு எழுந்துவிடுவாள். இப்படியே போனால் இந்த ஆள் தேயத் தேயச் செத்துப்போவார் என்று அவளுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒருநாள் மழை விட்ட பிறகு நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். சின்னதம்பி வாசலில் முளைத்திருந்த புல்லை அருவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்திருக்கிறார். குந்தினபடி ஒரு பிடி அறுப்பார், ஒரு சாண் நகருவார், மறுபடி அறுப்பார். சவரம் பண்ணினது போல இருந்தது வாசல். முகத்தில் பழைய களை. வாசல் முடிகிற இடம் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடைய புல்லுக்கொல்லை. முதல் மேட்டில் இடித்து நின்றார். கையை ஊன்றி ஏறப் பார்த்தார், சரிந்து விழுந்தார். அருவாளை விட்டெறிந்துவிட்டு உள்ளே நகர்ந்து போய்விட்டார்.

கதவோரம் நின்று பெரியம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு அந்த மேட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகம் பிரித்தபோது சின்னவர் பங்குக்கு வந்தது. சாய்வு கிடையாது, ஆனால் மேடும் பள்ளமும் கல்லும் குழியுமாக, ஏர் ஓடாது. புல் மட்டும் தழையத் தழைய வளரும். அவர்கள் மாடுகளுக்கு அதுதான் தீனி. இடுப்பு ஒடிய அறுத்து வருவாள் பெரியம்மாள்.

ஐப்பசி மழையில் மண் இளகினதும் மண்வெட்டியும் கடப்பாரையுமாக அதில் இறங்கினாள்.

"இன்னாடி பண்ற? கொல்லையில கோலம் போடப் போறியா?" என்று கேட்டேன்.

"அருவா கல்லுல படுதுக்கா. மொக்கையாப் போவுது. சமமா இருந்தா அறுக்க சொலபமா இருக்கும்."

பக்கத்து வீட்டு மங்கம்மாளுக்கு இது போதாதா? "அறுக்கத் தெரியாதவ கொல்லை கோணல்னாளாம்" என்று தண்ணீர்த்துறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? சாமை விதைக்க நிலத்தைத் திருத்துவார்கள், கேழ்வரகுக்குத் திருத்துவார்கள். தானாக முளைக்கிற புல்லுக்கு யாராவது திருத்துவார்களா?

ஆனால் அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். மேட்டின் மேல் இருக்கும் புல்லை வேரும் மண்ணுமாகப் பத்தை பத்தையாகப் பெயர்த்து நிழலில் அடுக்கி வைப்பாள். மேட்டைச் செதுக்கி, அந்த மண்ணைக் கூடையில் வாரிப் பள்ளத்தில் கொட்டுவாள். பிறகு புல்பத்தைகளைத் திரும்பக் கொண்டுவந்து பாய் விரிப்பது போலப் பதிப்பாள். நடுவில் இருந்த புற்றை மட்டும் தொடவில்லை. மஞ்சள் தெளித்து, "நீ இருந்துக்கோ சாமி, நான் சுத்திப் போய்க்கிறேன்" என்று சொல்லி விட்டுவிட்டாள்.

முதல் தடவை அவள் கொட்டின மண்ணைச் சும்மா காலால் மிதித்துவிட்டுப் புல்லைப் பதித்துவிட்டாள். சாமைக் கொல்லைக்குப் பொலபொலவென்று மண் இருந்தால்தான் நல்லது. அந்தப் பழக்கம் கையில் இருந்தது. அடித்த ஒரே மழையில் எல்லாம் உட்கார்ந்துகொண்டு, பழைய பள்ளத்தைவிடப் பெரிய பள்ளம் ஆகிவிட்டது. மங்கம்மாள் வேலை மெனக்கெட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பெரியம்மாள் பதித்த புல்லை எல்லாம் திரும்பவும் உரித்தாள். வீட்டுத் தரை இடிக்கிற திமிசுக்கட்டையை எடுத்து வந்தாள். ஒரு கூடை மண் கொட்டினால், இடித்துக் கெட்டியாக்கின பிறகுதான் அடுத்த கூடை. பொழுது விடிந்தால் எங்கள் ஊருக்கு அந்த 'தொம் தொம்'தான் சேவல். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சொந்தக்காரி என்றால் அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் குறுக்கு வழியாக வந்தேன். பெரியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையில் குந்தினபடியே நகர்ந்துகொண்டிருந்தாள். கையை ஊன்றுகிறாள், ஒரு சாண் நகருகிறாள், மறுபடி ஊன்றுகிறாள். எங்கேயோ குத்தியிருக்கிறது, அங்கேயே தோண்டி ஒரு கல்லைப் பிடுங்கி எறிந்தாள்.

"அடியே, இன்னாடி இது, கைக்கொயந்தையாட்டம் தவழ்ற?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவரு வூட்டுக்குள்ள எவ்ளோ தூரம் வேணுமின்னாலும் நகர்றாருக்கா. வாசலத் தாண்டினா ஒரு மேடு தடுக்குது. மேட்ட நான் எடுத்துட்டா இன்னா?"

"சொல்லித் தொலைச்சிருந்தா நாங்களும் வந்திருப்போமே."

"சொல்லாதக்கா. மாமாகிட்டயும் சொல்லாத. நொண்டிக்குத் தரை போட்டாளான்னு நெனச்சிட்டாருன்னா அருவாளத் தொடவே மாட்டாரு. புல்லு வளந்து கண்ணு முன்னால நிக்கட்டும். கை தானா அரிக்கும்."

எங்கள் சாமி வேடியப்பன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டாள். என் வீட்டுக்காரரோ, தம்பி பெண்டாட்டி சாமைக்காகத்தான் நிலம் திருத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமை பேசினார். நான் களி கிண்டிக்கொண்டே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கோடை மழை இரண்டு தடவை பெய்தது. பதித்த புல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிளம்பியது. ஆனி பிறந்தபோது கொல்லை முழுக்க முழங்கால் உயரம், ஒரே மட்டம். காற்று அடித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி சாயும். மங்கம்மாள்கூட வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சின்னதம்பி வெளியே வரவில்லை. கதவைத் தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது அந்தக் காலை. என் வீட்டுக்காரர் எருதுகளைப் பூட்டி ஏரை ஓட்டிக்கொண்டு புல்லுக்கொல்லைக்குப் போனார். தோளில் சாமை விதை. நான் பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். பெரியம்மாள் எருதுகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம் மாமா. புல்லு இருக்கட்டும்."

"இன்னாம்மா சொல்ற? இத்தன பாடுபட்டு சமம் பண்ணிட்டு புல்லு வுடுவியா?"

"இருக்கட்டும் மாமா."

"ஏன்? புல்லப் பொங்கித் தின்னப் போறீங்களா? தள்ளு." அவள் அசையவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "காலம் பூரா நானே மூட்டை தூக்கியாந்து போடணுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். ஆனால் ஊரே கேட்டது. கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். பெரியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அத்தனை மாதப் பாடும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று என்று நினைத்தேன். சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அப்போது வாசலில் சரசரவென்று சத்தம். இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அருவாளின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளை ஊன்றி சின்னதம்பி வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலின் ஓரத்துக்கு வந்தார். அங்கே இப்போது மேடு இல்லை. அப்படியே கொல்லைக்குள் நகர்ந்தார்.

பெரியம்மாள் தன்னை மறந்து குரல் கொடுத்தாள். "பாத்து, அந்த எடத்துல ஒரு கல்லு கீது."

அவர் அருவாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "அத நான் முந்தாநேத்தே புடுங்கிட்டேன்."

"நீங்களா?"

"நீ தண்ணிக்குப் போனப்போ வந்தேன். ஒரு பொம்பள தெனமும் குந்திக்கினே கொல்லைய அளந்தா, எதுக்குன்னு தெரியாதா எனக்கு?"

குனிந்து அறுக்க ஆரம்பித்தார். ஒரு பிடி, ஒரு சாண். ஒரு பிடி, ஒரு சாண். எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் சரியவில்லை. அறுத்த புல் அவருக்குப் பின்னால் வரிசையாகப் படுத்துக்கொண்டே வந்தது. பழைய கை, அதே வேகம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பெரியம்மாள் அழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்லிப் பாருங்கள் என்பது போல, சத்தம் கேட்டுக் கூடின ஊராரைச் சுற்றிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் மேழியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எருதுகளின் காலடிக்கே வந்துவிட்டார் சின்னதம்பி. அறுத்ததில் இரண்டு கை அள்ளி அவற்றின் முன்னால் போட்டார். எருதுகள் தலையைக் கவிழ்த்துத் தின்ன ஆரம்பித்தன.

"ண்ணா, மூணு வருசமா ஒன் வூட்டு தானியம் தின்னேன். ஒன் எருதுங்க இன்னிக்கு என் புல்லத் தின்னட்டும்."

என் வீட்டுக்காரர் நுகத்தடியைக் கழற்றினார். விதை மூட்டையை வரப்பில் இறக்கி வைத்தார். சின்னதம்பி மீதிப் புல்லைக் கூட்டி இறுக்கி ஒரு பெரிய கட்டாகக் கட்டினார்.

"ஒன் மாட்டுக்கு எடுத்துக்கினு போ. இத என் தலையில வெச்சா நான் நகர முடியாது. ஒன் தலையில வெக்கிறேன், குனி."

ஊரில் யாருக்கும் குனியாத மனுஷன் தம்பிக்கு முன்னால் முழங்கால் போட்டுக் குனிந்தார். சின்னதம்பி தன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அண்ணன் தலையில் வைத்து, அதன்மேல் புல்லுக்கட்டை ஏற்றினார்.