அண்ணாவின் மடங்காத கை

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிற நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. மெல்பேணில் தமிழ் அச்சுக்கூடம் இல்லாததால், எழுதியவற்றை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி அங்கே அச்சிட்டு எடுத்திருக்கிறோம். எழுத்துப் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் பொறுத்துக்கொள்ளும்படி நான் கேட்கப் போவதில்லை.

வழக்கப்படி உறவுப் பெரியவர்களின் இரங்கலுரைகள் எல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைத் தவிர. அம்மாவின் தமையனாரான பெரியமாமா தந்த உரையை நானே எடுத்துவிட்டேன். "ஏன் பெரியமாமாவின்ரை இல்லை?" என்று கேட்பதற்காகத் தொலைபேசியைத் தூக்கப் போகிறவர்கள் முதலில் இதைக் கடைசிவரை வாசிக்கட்டும். அந்த உரை அழகான உரைதான். அண்ணாவின் கணித அறிவு, அடக்கம், தெய்வ பக்தி எல்லாம் அதில் இருந்தன. கிறிக்கெற் என்ற சொல் மட்டும் இல்லை.

அண்ணா கொக்குவிலில் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். எங்கள் தகப்பனார் ஐயா இளவயதிலேயே காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் எந்த முடிவும் பெரியமாமாவின் வாயிலிருந்துதான் வந்தது. அவர் கல்லூரி அதிபர். சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோற் போட்டுக்கொண்டு கிறிக்கெற் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பார். "நீதிமான்" என்று ஊரில் அவருக்குப் பெயர். அந்தப் பெயர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

அண்ணா வேகப் பந்து வீச்சாளர். கல்லூரியில் அவருடைய கடைசி வருடத்தில், பக்கத்துக் கல்லூரியுடன் நடந்த பெரிய ஆட்டத்துக்குப் பெரியமாமாவே நடுவர். கிறிக்கெற்றில் முழங்கையை மடக்காமல் பந்தை வீச வேண்டும். மடக்கி எறிந்தால் அது களவுக்குச் சமம். அண்ணா முதல் பந்தை வீசியதுமே பெரியமாமா கையைப் பக்கவாட்டில் நீட்டி "நோ போல்", அதாவது செல்லாத பந்து, என்றார். அடுத்த பந்துக்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கும் சொன்னார். கடைசியில் அணித்தலைவர் வந்து அண்ணாவின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். சொந்த மருமகன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்னார் என்று ஊர் பெரியமாமாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது "எறியன்" என்ற பட்டம். நான் சந்தைக்குப் போனால் "எறியன்ரை தங்கச்சி போறாள்" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட சாதகத்தைப் பார்த்து முடித்தபின் அந்த நோ போலைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

அன்று நான் வேலிக்கரையில் நின்று பார்த்தேன். அண்ணாவின் கை மடங்கவில்லை. இதை வீட்டில் சொன்னபோது, "பெரிய ஆக்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார். அண்ணா அதன்பின் பந்தைத் தொடவில்லை. கணித ஆசிரியரானார், அண்ணியைக் கைப்பிடித்தார், இருந்த இடம் தெரியாமல் இருந்தார். ஒரேயொரு ஆசை மட்டும் அவருக்குள் கிடந்தது. பெரியமாமா தன் வாயால் ஒருநாள் "நீ எறியேல்லை" என்று சொல்ல வேண்டும். என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார். வேறு எவரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அண்ணா மெல்பேணுக்கு வந்தார். நகரின் மேற்குப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு தொழில்நுட்பப் பாடசாலையில் வேலை. அடுத்த வருடம் நானும் என் கணவரும் வந்து பக்கத்துத் தெருவில் குடியேறினோம். கோடையில் கிறிக்கெற் விளையாடும் ஆண்கள் குளிர்காலத்தில் பேஸ்போல் என்ற அமெரிக்கப் பந்தாட்டம் விளையாடுவது அந்தக் காலத்தில் இங்கே வழக்கம். அண்ணாவின் பாடசாலையில் ஒருவர் அப்படி ஒரு சிறிய கழகத்தில் இருந்தார். அவர்களுக்குப் பந்து எறிகிறவர், அதாவது பிச்சர், குயின்ஸ்லாந்துக்கு இடம் மாறிப் போய்விட்டார். "நீர் சிலோன்காரன்தானே, பந்து போடுவீர்தானே" என்று அண்ணாவை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பேஸ்போலில் பந்தை எறியத்தான் வேண்டும். கையை எப்படியும் மடக்கலாம். எவரும் நோ போல் சொல்ல மாட்டார்கள். அண்ணாவுக்கென்றே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்று நான் நினைத்தேன். ஆனால் முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது, அண்ணாவின் கை மடங்க மறுத்தது. நின்ற இடத்திலிருந்து கையை நேராகச் சுழற்றி, கிறிக்கெற் பந்தைப் போல வீசினார். அது மெதுவாகப் போய் கடைசி நேரத்தில் கீழே விழும். சில வேளைகளில் எதிராளி அவசரப்பட்டு மட்டையை வீசி ஏமாந்து போவார். பல வேளைகளில் பந்து விலகிப் போகும். நான்கு பந்துகள் விலகினால் எதிராளி சும்மா நடந்து, ஓட்டம் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய தளங்களில் முதல் தளத்துக்குப் போகலாம். எங்கள் கழகத்துக்கு எதிராக விளையாடியவர்கள் நிறைய நடந்தார்கள்.

கோட்டுக்கு வெளியே உட்கார ஒரு நீண்ட மர வாங்கு இருந்தது. எங்கள் கழகத்தின் ஆதரவாளர்கள் அதில்தான் இருப்பார்கள். ஆதரவாளர் என்ற சொல்லை நான் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். ரயில்வேயில் வேலை செய்த கெவின், அவருக்குப் பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் மொரீன், இன்னும் சிலர். சேலைக்கு மேல் தடித்த கோற் போட்டுக்கொண்டு நானும் அந்த வாங்கின் கரையில் இருப்பேன். எதிரணியை அவர்கள் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால் எங்கள் பிச்சர்தான். கெவின் ஆங்கிலத்தில் கத்தியதை எனக்கு வந்த தமிழில் தருகிறேன். அச்சில் ஏற்றக்கூடாதவற்றை விட்டுவிட்டேன்.

"புறொபெசர், உமக்கு முழங்கை எண்டு ஒண்டு இருக்கு. அதைப் பாவிச்சுப் பாரும்."

"பந்து வந்து சேர முதல் அவன் ஒரு சிகரெற் பத்தி முடிச்சிடுவான்."

"இது கிறிக்கெற் இல்லையப்பா. மடக்கு. கையை மடக்கு."

மொரீன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொருத்தன் நடக்கிறான்" என்பாள். அவ்வளவுதான் அவள் சொல்வது, ஆனால் அதைக் கேட்க எனக்குக் கெவினின் கத்தலைவிட எரிச்சல் வரும். அண்ணா நன்றாக வீசி எதிரணியைச் சுருட்டிய நாட்களில், "பாத்தியே, நாங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறான்" என்று கெவின் பெருமை அடித்துக்கொள்வார். மழையிலும் தென்துருவக் காற்றிலும் சனிக்கிழமை தவறாமல் இந்த வசவைக் கேட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அண்ணாவிடமே கேட்டுவிட்டேன்.

"ஒருக்கா மடக்கினால் என்ன அண்ணா? இஞ்சை ஆர் கேக்கப் போகினம்?"

"மடக்கத்தான் நினைக்கிறன். கை கேக்குதில்லை."

"அப்ப ஏன் போறியள்? அந்த மனுசன்ரை வாயைக் கேக்கவோ?"

"எறியாதை எண்டு ஒருத்தரும் இஞ்சை சொல்லேல்லையே. அது போதும்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு கெவினின் மேல் இருந்த கோபமும் பெரியமாமாவின் மேலேயே போய் விழுந்தது. பாதிக் கணக்கு அவர் பேரில் ஏற்கெனவே இருந்தது.

பெரியமாமாவின் மகளும் மருமகனும் மெல்பேணுக்கு வந்து, பிறகு அவரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு, "நானும் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்று அவராகவே புறப்பட்டு வந்தார். அண்ணா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டிய ஆட்டம் அது. பெரியமாமா கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோற்றுடன் எனக்கும் கெவினுக்கும் நடுவில் வாங்கில் இருந்தார். எதிரணிப் பிச்சர் கையை மடக்கி முதல் பந்தை எறிந்தபோது பெரியமாமாவின் வலக்கை தன்பாட்டில் பக்கவாட்டில் எழும்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் அதைக் கோற் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னே இருந்தோம். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. ஆனால் மூன்று தளங்களிலும் எதிரணியின் ஆட்கள் நின்றார்கள்; இன்னொருவர் நடந்தால் ஓட்டம் சமமாகிவிடும். அண்ணாவின் பந்துகள் விலகிப் போகத் தொடங்கின. வாங்கு முழுவதும் எழும்பி நின்று கத்தியது. மொரீன்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்கடை ஆள்தானே, நீங்களாவது சொல்லுங்கோ" என்று கெவின் பெரியமாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பெரியமாமாவுக்குத் தோல்வி என்றால் ஆகாது, அது யாருடைய தோல்வியாக இருந்தாலும். அவர் எழும்பி, மைதானம் முழுக்கக் கேட்கும் அதிபர் குரலில் தமிழில் சொன்னார்.

"தம்பி, மடக்கி எறியடா."

 அண்ணா பந்தும் கையுமாக நடுவரிடம் அனுமதி கேட்டு, மெதுவாகக் கோட்டருகே நடந்து வந்தார். நான் பயந்துபோனேன். அண்ணா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"என்ன மாமா சொன்னீங்கள்?"

"மடக்கி எறி எண்டனான். இஞ்சை எறியலாந்தானே."

"அண்டைக்கு நான் எறிஞ்சனானோ? அதை முதல் சொல்லுங்கோ. பிறகு எறியிறன்."

பெரியமாமா கெவினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது வேறை விளையாட்டு, தம்பி" என்றார்.

"கை ஒண்டுதான், மாமா."

அண்ணா திரும்பிப் போய், கையை நேராக வைத்து, எல்லாரும் பார்க்கும்படி நிதானமாக வீசினார். எதிராளி அதை அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டி ரயில் பாதைக்கு அப்பால் போய் விழுந்தது. தோற்றுவிட்டோம். கெவின் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு, அவருக்குத் தெரிந்த கெட்ட சொற்கள் அத்தனையையும் அண்ணாவின் மேல் கொட்டினார். பெரியமாமா மகளின் காரில் ஏறிப் போனார். வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணா மீனும் சிப்ஸும் வாங்கி, காருக்குள் இருந்தபடியே ரசித்துச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டதை நான் நீண்ட காலமாகப் பார்த்திருக்கவில்லை.

கீழ்ப் பிரிவிலும் அண்ணா விளையாடினார், அங்கேயும் கெவின் கத்தினார். பிறகு அண்ணாவின் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் பெரியமாமா இரண்டு தரம் வந்தார். விபூதி பூசினார், தேவாரம் படித்தார், போய்விட்டார். அண்ணா ஒவ்வொரு தரமும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதரை அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கி வெளியே வைக்க வேண்டும்போல இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அண்ணியும் நானும் பக்கத்தில் இருக்க, அண்ணா அமைதியாகக் கண்ணை மூடினார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், அவருடைய பாடசாலை ஆசிரியர்களுக்கும், சிட்னியிலிருந்து பஸ்ஸில் வந்து அண்ணிக்குத் துணையாக நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மொரீன் சனிக்கிழமைகளில் சூப் கொண்டுவந்தாள். அண்ணா நோயில் கிடந்த பருவத்தில் பின்னி முடித்த கம்பளிப் போர்வையை அண்ணியிடம் கொடுத்தாள். அவளிடம் நான் பட்ட எரிச்சல் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கெவினுக்கு நன்றி வேறு காரணத்துக்காக. அண்ணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர் அவர். கட்டிலருகே இருந்து, புதிதாக வந்த பிச்சர் இன்னும் மோசம் என்று திட்டி அண்ணாவைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான். இறுதிக் கிரியை நாளில் கழகத்து மேலங்கியோடு வந்து, பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வந்த நாள் தொடக்கம் இந்த மனுசனைத் திட்டினனான். கடைசி வரைக்கும் ஒருக்காலும் கையை மடக்கேல்லை. இப்பிடி ஒரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை."

அங்கே தேவாரம் படித்து முடித்துவிட்டுப் பெரியமாமா நின்றார். நான் கெவினின் கையைப் பிடித்து அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "இப்ப சொன்னதை இவருக்கும் சொல்லுங்கோ" என்றேன். கெவினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னார். ஒருக்காலும் மடக்கவில்லை என்று, அவருடைய வாங்குக் குரலில், அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பெரியமாமா பெட்டியைப் பார்த்தார். பிறகு கெவினிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "தெரியும். நான் உம்மைவிடக் கிட்ட நின்று பார்த்தவன்."

அதைக் கேட்டது கெவினும் நானும் மட்டும். அண்ணா கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரனிடம் முணுமுணுத்ததை இந்த மலரில் தமிழில் எழுதித் தாருங்கள் என்று பெரியமாமாவிடம் கேட்டேன். அவர் தந்தது கணிதம், அடக்கம், தெய்வ பக்தி. ஆகவே அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். எறியன் என்று கூப்பிட்ட வாய்கள் கொக்குவிலில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும் இதைச் சத்தமாக வாசியுங்கள். எங்கள் அண்ணாவின் கை மடங்கவில்லை. நடுவரே சொல்லிவிட்டார்.

அண்ணியின் சார்பிலும் குடும்பத்தின் சார்பிலும்,
தங்கை