படிக்காமல் போட்ட ஒப்புதல்

எனக்கு அவன்மேல் பொறாமை. முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம்.

துணிக்கடைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவன் சென்னையில், நான் ஆரணி பக்கத்துச் சேவூரில் ஒரு மாடியறையில், கீழ்வீட்டுத் தறிச் சத்தத்தின்மேல் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கடைகளின் ஒவ்வொரு புகாரும் எங்களுக்கு ஒரு டிக்கெட். மூடினால் புள்ளி. அடுத்தவன் செய்த திருத்தத்தைப் படித்து ஒப்புதல் தந்தாலும் புள்ளி. டீம் லீட் பதவிக்கு நாங்கள் இருவர்தான் மிச்சம்.

ஒரு புகாரின் வேரைத் தேடி நான் மூன்று நாள் அலைவேன். அதற்குள் அவன் பத்தை மூடியிருப்பான். பட்டியலில் அவன் பெயர் மேலே, இன்னும் மேலே, சித்திரை வெயில் ஏறுவதுபோல. பல் துலக்கும் முன் அதைத்தான் பார்ப்பேன்.

"உங்க வயித்தெரிச்சல்ல காபி போட்டுக்கலாம், கேஸாவது மிச்சமாவும்" என்பாள் மனைவி.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஆரணிக் கடையொன்றில் அரக்குப் பட்டு எடுத்து, குஞ்சம் கட்ட அங்கேயே விட்டு வந்தோம். வாங்கப் போனால் புடவை இல்லை.

"வித்த புடவைன்னா முன்னல்லாம் ஸ்கிரீன்ல எச்சரிக்கை வருங்க. இப்ப வரல. களம்பூர்க்காரங்க வாங்கிகினு போயிட்டாங்க" என்று கையைப் பிசைந்தாள் கவுண்டர்ப் பெண்.

அது எங்கள் மென்பொருள். விற்காத புடவைக்கும் எச்சரிக்கை வருகிறது என்றொரு புகார் வந்தபோது, காரணம் தேடாமல் எச்சரிக்கையையே அணைத்துவிட்டு டிக்கெட்டை மூடியவன் அவன். அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான். மனைவி முகம் வாடி நிற்க, எனக்குள் பட்டாசு வெடித்தது. மாட்டினான்!

வண்டியை விரட்டி வீட்டுக்கு வந்து பழைய பதிவைத் திறந்தேன். திருத்தியவர், அவன். படித்து ஒப்புதல் தந்தவர், நான். அன்று அவனை எட்டிப் பிடிக்க ஒரே மணி நேரத்தில் முப்பது ஒப்புதல் போட்டிருந்தேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

அவனுக்குப் போன் செய்தேன்.

"நீதானப்பா ஓகே போட்ட? வுடு, பேஜார் பண்ணாத. கடைக்காரங்க தப்பா அமுக்கிட்டாங்கன்னு எழுதி மூடிடலாம்."

மூடியிருக்கலாம். லீட் யார் என்று முடிவாக நான்கே நாள். பின்னால் நின்ற மனைவி கேட்டாள்: "இது அவரு செஞ்சதுதான?"

"நான் படிக்காம வுட்டது."

டிக்கெட்டை மறுபடி திறந்து, முதல் வரியில் அதையே எழுதினேன். பொய் எச்சரிக்கையின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. எனக்கு ஒரு புள்ளி. அதற்குள் அவன், அணைத்த எச்சரிக்கையைத் திரும்பப் போடும் சின்ன வேலைக்கு மூன்று டிக்கெட் திறந்து, மூன்றையும் மூடியிருந்தான். நான்காம் நாள் லீட் ஆகிவிட்டான்.

மகள் பச்சைப் புடவையில் நிச்சயத்துக்கு நின்றாள். அவனும் வந்திருந்தான். பந்தியில் என் பக்கத்து இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னான்: "நான் செய்யறதை எல்லாம் இனிமே நீயே பாருப்பா. வேற எவனும் படிக்க மாட்டான்."

நான் ஒருநாளும் அவனைப் பாராட்டியதில்லை; அவன் எவ்வளவு சுலபமாகப் பாராட்டிவிட்டான். அதற்கும் பொறாமையாக இருந்தது.